சோப்புப் பெட்டிக்குள் கிரகணம்

வட கேரளத்தில் செறுவத்தூர்ப் பக்கம் பார்வையற்றோர் பள்ளியில் கணக்கும் அறிவியலும் எடுக்க வந்த முதல் நாளே தம்பான் மாஷ் வாயை விட்டு மாட்டிக்கொண்டார்.

"எல்லாரும் போர்டைப் பாருங்க."

வகுப்பு மொத்தமும் முகத்தைத் தூக்கி அந்தப் பக்கம் திருப்பியது. "பார்த்தாச்சு மாஷே. ரொம்ப அழகா இருக்கு" என்றான் ஒருவன்.

அன்றோடு சாக்பீஸுக்கு முழுக்கு. ஈர்க்குச்சியை ஒட்டினால் முக்கோணம், சணலை ஒட்டினால் வட்டம். மற்ற வாத்தியார்கள் பேனா செருகும் பையில் இவர் பசை டியூப் செருகினார். அது கசிந்து கெட்டுப்போன சட்டைகளைப் பற்றி அவர் மனைவியிடம் யாரும் கேட்காமலிருப்பது நல்லது.

வருடங்கள் ஓடின. எட்டாம் வகுப்புக்கு ரம்லத் வந்து சேர்ந்தாள். கையில் படாத எதையும் நம்பாத பெண். டிசம்பரில் சூரிய கிரகணம், நம் ஊருக்கு நேர் மேலேயே என்று மாஷ் குதித்தபோது அவள் அசையவில்லை.

"சும்மா சொல்றீங்க. கண்ணு தெரியறவங்க எங்ககிட்ட இப்படித்தான். போன வாரம் என் வட்டம் பூசணிக்கா மாதிரி இருந்துச்சு. நீங்க சூப்பர்னீங்க."

மாஷுக்குச் சுருக்கென்றது. சொன்னது உண்மைதான். வட்டம் பூசணிக்காய்தான்.

"காதால கேட்டா நம்புவியா?"

"நம்பறேன். கேக்கலைன்னா இனிமே நீங்க சொல்ற எதையும் நம்ப மாட்டேன்."

வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது. ஒரு சோப்புப் பெட்டி, செத்துப்போன ரேடியோவின் ஸ்பீக்கர், வெளிச்சத்தை உணரும் ஒரு சின்னச் சில்லு. கம்பிகளைப் பிள்ளைகளே முறுக்கினார்கள். வெளிச்சம் கூடினால் பெட்டி கீச்சிடும், குறைந்தால் குரல் தடிக்கும். வெயிலில் வைத்ததும் அது ஒரே சுருதியில் அலறியது. சில்லின் மேல் காகிதம் காகிதமாக ஒட்டி அதன் வாயை அடக்கினார்கள். மரநிழல், மேகம், மாஷின் வழுக்கைத் தலை என எல்லாவற்றையும் கேட்டுப் பழகினார்கள்.

கிரகணத்தன்று சமையல்காரி காரிச்சி பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"பிள்ளைங்கள வெளிய விடாதீங்க மாஷே. இதைப் பார்த்தா கண்ணு போயிடும்."

"போறதுக்கு இருந்தாத்தானே சேச்சி" என்றான் நிகேஷ். அந்த வகுப்பின் வால் அவன்தான்.

முற்றத்தில் ரம்லத் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தாள். திடீரென்று பெட்டியின் குரல் தொப்பென்று விழுந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள்.

"நிகேஷ், கைய எடு. நிலாவுக்குப் பழம்பொரி வாசன வராது" என்றாள் ரம்லத்.

அடுத்து ஒரு மேகம். சட்டென்று இறங்கி, சட்டென்று ஏறியது. "இது மேகம்" என்றாள், அலுப்பாக. மாஷ் மேலே பார்க்கத் துணியவில்லை. கையிலிருந்த ஒரே கிரகணக் கண்ணாடியை, அப்போது எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காரிச்சிக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

பிறகு குரல் மெதுவாகத் தடிக்கத் தொடங்கியது. ஏறவில்லை. மேகத்துக்கு இத்தனை பொறுமை கிடையாது. வெயில் தோலை விட்டு நழுவியது. காக்கைகள் வாயை மூடின. ரம்லத் பெட்டியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மாஷே, பாக்கறீங்களா?"

"கண்ணாடி இல்ல மோளே. தலைகுனிஞ்சு நிக்கறேன்."

"அப்படியே இருங்க. நான் சொல்றேன்." குரலைத் தாழ்த்தினாள். "முக்காவாசி மூடிருச்சு... இன்னும் மூடுது... இப்ப நின்னுருச்சு. அப்படியே நிக்குது... ஆ, தொறக்குது. நிஜமாவே மேல ஏதோ இருக்கு மாஷே."

தரையையே பார்த்திருந்த மாஷ் மூக்கை உறிஞ்சினார். "ரொம்ப அழகா இருக்கு."

"பாக்காமலேயே சொல்றீங்க பாருங்க" என்றாள் ரம்லத். ஆனால் இந்த முறை சிரித்துக்கொண்டு.