பித்தத்தின் மேல் போட்ட பழி

பித்தப்பையை எடுத்த பிறகு என் கணவருக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. பித்தநீர் நேராகக் குடலுக்குப் போவதால் அப்படி இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மலத்தில் ரத்தம் வந்தபோதும் இவர் பித்தத்தின் மேலேயே பழியைப் போட்டார்.

“வயலுக்கு முறைத் தண்ணி வர்ற நேரத்துல ஆஸ்பத்திரியா? அறுப்பு முடியட்டும்” என்றார்.

“மடைய நான் பாத்துக்குறேன். நீங்க என் தம்பியோட தஞ்சாவூருக்குக் கிளம்புங்க” என்று மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன்.

குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்ததில் சிறு கட்டி இருந்தது. புற்றுநோயாக மாறும் முன்பே எடுத்துவிட்டார்கள்.

“இந்தக் கட்டிக்குப் பித்தநீர்தான் காரணம்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ஆனா ரத்தத்தைப் பாத்தா உடனே வந்துடணும்” என்றார் டாக்டர்.

அன்று நான் மடையைச் சரியாக அடைக்காமல் பாதித் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போனதை இவர் இன்றும் சொல்லிக்காட்டுகிறார். சொல்லட்டும். இப்போதெல்லாம் காலையில் நான் கூசாமல் கேட்கிறேன். இவர் “ரத்தம் இல்ல” என்று சொன்ன பிறகுதான் காபி டம்ளரைக் கையில் கொடுக்கிறேன்.