தேய்த்தால் நிறம் வரும்

கோழி கொக்கரித்து எழுந்த கையோடு முட்டையைத் தொட்டால் அது ஈரமாக இருக்கும். உள்ளங்கையில் வைத்திருக்கும்போதே அந்த ஈரம் காய்ந்து, மேலே மாவு பூசினாற்போல மங்கிவிடும். எங்கள் வீட்டில் அதற்கு "மாவு" என்றே பெயர். அது இருக்கும்வரை முட்டை தாங்கும், கழுவினால் சீக்கிரம் கெட்டுவிடும் என்பது அம்மாவின் சட்டம். எச்சம் ஒட்டிய முட்டையைக்கூட நாங்கள் தண்ணீரில் காட்டியதில்லை.

எங்கள் கோழிகளில் செவலை ஒருத்திதான் நல்ல பழுப்பில் இடுவாள். மற்றவை எல்லாம் வெளிறிய சந்தன நிறம். வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு குடிக்கக் கொடுக்கவென்று, கம்பைநல்லூர் சந்தையில் அம்மாவிடம் செவலையின் முட்டையைத் தேடி வருவார்கள். வெள்ளை முட்டையை டீத்தண்ணீரில் ஊறவைத்து நாட்டு முட்டை என்று விற்கிறார்களாம் என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பியிருந்தது. மகளுக்காக முட்டை வாங்க வந்த ஒரு டீச்சரம்மா, முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து, அன்று காலையில் இட்ட முட்டையை அழுத்தித் தேய்த்தார். துணியில் லேசாகப் பழுப்பு ஏறியது. போதாதா!

"ஏம்மா, வயசுக்கு வந்த புள்ள குடிக்கறதுலயா ஏமாத்துவ? நீ நல்லாருப்பியா?" என்று அவர் போட்ட சத்தத்தில் சந்தையே திரும்பிப் பார்த்தது. நாங்கள் ஊர் திரும்புவதற்குள் "டீத்தண்ணிக்காரி" என்ற பெயர் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த சந்தையன்று விடிந்ததும் அம்மா செவலையைப் பிடித்து அடிவயிற்றைத் தடவிப் பார்த்தாள், முட்டை இறங்கியிருந்தது. கூடையில் வைக்கோல் பரப்பி, கோழியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தை நடுவில் வைத்தாள். காய் வாங்க வந்த டீச்சரம்மாவை மறித்து எதிரே உட்கார வைத்தாள். "இது முட்ட போடற வரைக்கும் நீங்க எந்திரிக்கக் கூடாதுங்க" என்றாள். கூட்டம் கூடிவிட்டது. வெயில் ஏறியதே தவிர செவலை அசைவேனா என்றாள். "டீ ஒண்ணு வாங்கிக் குடுக்கா, அப்பதான் போடும்!" என்று தக்காளிக்காரர் சொல்ல, சிரிக்காத ஆளில்லை. இன்றைக்குப் பார்த்து அது போடாவிட்டால் அம்மா இனி எந்த முகத்தோடு சந்தைக்கு வருவாள் என்று நான் செவலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாகச் செவலை எழுந்து கொக்கரித்தாள். அம்மா முட்டையைத் தொடவே இல்லை. "நீங்களே எடுங்க, நீங்களே தேய்ங்க."

டீச்சரம்மா தேய்த்தார். துணியில் அதே பழுப்பு.

"நெறம் கடசியா மேலதாங்க படியுது. புது முட்டைய ஈரத்துணியில தேச்சா வரத்தான் செய்யும்."

டீச்சரம்மா எழுந்து, அத்தனை பேர் முன்னாலும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியாம பேசிட்டேன்மா, மனசுல வச்சுக்காத" என்றார். அம்மா அந்த முட்டையை அவர் பையில் வைத்து, "தேச்சது தங்காதுங்க, இன்னிக்கே புள்ளைக்குக் குடுத்துருங்க" என்றாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

இப்போது ஓசூரில் நான் வாங்கும் முட்டை கழுவித் துடைத்து, "நாட்டுக்கோழி" என்று அச்சடித்த பெட்டியில் வருகிறது. நல்ல பழுப்புதான். உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. பொய்யென்று தோன்றினால் நானும் டீச்சரம்மாவைப்போல் சத்தம் போடத் தயார்தான். கோழியைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்து உட்கார அந்தப் பக்கம் ஓர் ஆள் வேண்டுமே!