கால்வாய் கேட்டோம், விளக்கு வந்தது

எம்.எல்.ஏ. அலுவலகத்தில் நான் சேர்ந்தபோது மனுக்களைத் தட்டச்சு செய்வதுதான் என் வேலை. பட்டா, முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு, மறுபடியும் பட்டா. இரண்டு வருடத்தில் அவருடைய பேச்சுகளையும் எழுத ஆரம்பித்திருந்தேன். வேதியியல் படித்தவள் என்பதால் சுற்றுச்சூழல் என்றாலே என்னைத்தான் கூப்பிடுவார்.

அவரை முழுக்கக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அலுவலக மொட்டை மாடியில் சொந்தச் செலவில் சோலார் தகடு போட்டவர். பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதையில் குப்பை பொறுக்கக் கட்சிக்காரர்களைக் கூட்டிப் போவார். போட்டோ எடுத்து முடித்ததும் மற்றவர்கள் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். அவர் இன்னும் ஒரு மணி நேரம் குனிந்து பொறுக்குவார். அதைப் பார்த்துத்தான் நம்பினேன்.

பட்ஜெட் கூட்டத்தொடர் சமயம் ஒருநாள் கூப்பிட்டார்.

"சுற்றுச்சூழல் மானியக் கோரிக்கையில பேச பத்து நிமிஷம் குடுத்திருக்காங்கம்மா. சோலார், வெயிலு, மரம் எல்லாம் வரணும். கேக்கறவங்க நிமிர்ந்து உக்காரணும்."

அதே வாரம் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அக்கா மனு கொண்டுவந்தார். ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கரில் நெல் வைப்பவர். இது அவருடைய மூன்றாவது மனு. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயை, டவுன் விளிம்பில் மனை போட்டவர்கள் தூர்த்துவிட்டார்கள் என்பதுதான் விஷயம்.

"மழை இல்லன்னா வானத்தைத் திட்டலாம். போன வருஷம் ஜாஸ்தியாதான் பெஞ்சுது. தண்ணி வர்ற வழியில வீட்டைக் கட்டிட்டா ஏரி இன்னா பண்ணும்?" என்றார்.

அதைப் பேச்சில் ஒரு பக்கமாக எழுதினேன். எம்.எல்.ஏ. படித்துவிட்டு, "இது நம்ம தொகுதியிலயா? வாங்க, போய்ப் பாத்துடலாம்" என்று காரை எடுக்கச் சொன்னார். அங்கே ஒரு சின்னப் பாலம் மட்டும் நின்றது. அதன் ஒரு பக்கம் யாரோ ஒருவர் வீட்டு கேட், மறுபக்கம் கட்டட இடிபாடு. பாலத்தின் மேல் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "பாலம் இருக்குது, கால்வாய் எங்கம்மா?" என்றார். அங்கிருந்தே அதிகாரிக்குப் போன் போட்டு, அளந்து கல் நடச் சொன்னார். அன்று வீட்டுக்குப் போய் என் கணவரிடம், நம் ஊரில் ஒரு நல்ல காரியம் நடக்கப்போகிறது என்று சொன்னேன்.

எம்.எல்.ஏ. சட்டசபையில் பேசிய நாளில் அந்த அக்காவை அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். இருவரும் என் போனில் பார்த்தோம். நன்றாகவே பேசினார். கால்வாய்ப் பக்கத்தைத் தவிர்த்துவிடுவாரோ என்று பயந்தேன். ஒரு வரி விடாமல் படித்தார். மேசையைத் தட்டினார்கள். ஆவன செய்யப்படும் என்று பதிலும் வந்தது.

"நம்ம கால்வாயைத்தானே சொன்னாரு?"

"ஆமாக்கா."

"இன்னொரு வாட்டி போடு."

போட்டேன். மூன்று முறை கேட்டார்.

அளக்க வந்தவர்கள் முப்பது வீட்டுச் சுற்றுச்சுவர்களில் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முப்பது வீடும் எங்கள் வாசலில் நின்றது. பணக்காரர்கள் இல்லை. ஒரு பஸ் கண்டக்டர், ஒரு டீச்சர், ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ். கையில் அப்ரூவல் காகிதம்.

"கவர்மென்ட் சரின்னு சீல் குத்தினதாலதான் வாங்கினோம். இப்ப நாங்க எங்க போறது?" என்று கண்டக்டர் கேட்டார்.

எம்.எல்.ஏ. போனை எடுத்தார். அளவை நின்றது.

அவர்கள் போனபின் நான் உள்ளே போனேன். "சார், வீட்டை யாரும் இடிக்க வேணாம். பக்கத்துல காலி மனை இருக்குது. அது வழியா கால்வாயைத் திருப்பலாம்னு சர்வேயரே சொல்றாரு."

"அந்தக் காலி மனை யாருதுன்னு தெரியுமா?"

தெரியும். மனை போட்டதே அவர் கட்சியின் ஒன்றிய நிர்வாகிதான்.

"அவரு வேலை செய்யலன்னா நான் இந்த நாற்காலியில இல்லம்மா. சபையில பேசிட்டேன். குறிப்புல ஏறிடுச்சு. அதுவே எத்தனை பேரு பேசறாங்க?" அக்காவின் மனுவை எடுத்து மறுபடி ஒருமுறை பார்த்தார். "அந்த ஊருக்கு எதுனா செஞ்சுடணும். ஏரிக்கரையில சோலார் ஹைமாஸ் லைட் போட்டுடலாம். சுற்றுச்சூழலுக்கும் ஆச்சு, திறப்பு விழாவும் வைக்கலாம். கால்வாய்க்கு எங்க ரிப்பன் கட்டறது?"

கேலியாகச் சொல்லவில்லை. ஒரு கஷ்டத்துக்கு நல்ல வழி கண்டுபிடித்தவர் போலச் சொன்னார்.

அழைப்பிதழை நான்தான் அடித்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் திறப்பு விழா. விளக்கு எரிந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். வெளிச்சம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஏரிக்குள் சீமைக்கருவேல மரங்கள், வெடித்த மண், மேய்ந்து திரும்பும் ஆடுகள், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அக்கா மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"லைட்டு நல்லாத்தான் இருக்குதுங்க. தண்ணி?"

"வரும்மா, மெதுவா வரும்" என்று சொல்லி, எம்.எல்.ஏ. தனக்குப் போட்ட சால்வைகளில் ஒன்றை எடுத்து அக்கா தோளில் போர்த்தினார். எல்லோரும் மறுபடி கைதட்டினார்கள். அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

ஐப்பசியில் நாலு நாள் அடை மழை. போக வழியில்லாத தண்ணீர் அந்த முப்பது வீட்டுக்குள் புகுந்தது. கண்டக்டர் போன் செய்தார், நர்ஸ் போன் செய்தார். மோட்டார், மணல் மூட்டை, பால், ரொட்டி என்று மூன்று நாள் நான் அலைந்தேன். மோட்டார் வைத்து இறைத்த தண்ணீரை ரோட்டில்தான் விட முடிந்தது. ஏரி பாதிகூட நிரம்பவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றிருந்த எம்.எல்.ஏ.விடம் போய், "ஏரிக்குப் போக வேண்டிய தண்ணிதான் சார் இது" என்றேன்.

"தெரியுதும்மா" என்றார்.

அதுதான் எனக்கு ஆறவில்லை. தெரியாதவராக இருந்தால் எடுத்துச் சொல்லலாம். இன்னொரு பக்கம் எழுதிக் கொடுக்கலாம். எல்லாம் தெரிந்து, மனசும் வருத்தப்பட்டு, ஒன்றும் செய்யாத ஒருவரிடம் என்னத்தை எழுதிக் கொடுப்பது?

ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் என் பெயரிலேயே ஒரு மனு கொடுத்தேன். சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டதாகப் பதில் வந்தது. அலுவலகத்தில் யாருக்கும் சொல்லவில்லை. பயம்தான். வேலையையும் நான் விடவில்லை. இப்போது அவருக்குச் சுற்றுச்சூழல் பேச்சாளர் என்றே பெயர். கல்லூரிகளில் கூப்பிடுகிறார்கள். பருவநிலை மாற்றம் பற்றி நான் எழுதித் தருகிறேன், அவர் உருக்கமாகப் பேசுகிறார், பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அந்த அக்காவைப் பார்த்தேன். வெகுநாளாக அலுவலகத்துக்கு வருவதில்லை. நெல்லை விட்டுவிட்டு, தண்ணீர் கம்மியாகக் கேட்கும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருப்பதாகச் சொன்னார். வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டேன். நலம் என்றார்.

"இன்னொரு மனு எழுதட்டுமாக்கா? நானே எழுதித் தரேன்."

"வேணாம்மா" என்றார், முகத்தில் கோபம் இல்லாமல். "பஸ் வந்துடுச்சு, நான் வரேன்."