பெயர் வெட்டிய அண்டா

எங்கள் கம்பெனியின் பெயரைக் குலதெய்வத்தின் பெயர் என்றுதான் திருப்பூரில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கேற்றாற்போல் வரவேற்பறையில் ஓர் அம்மன் படத்தை மாட்டி, தினமும் பூப்போட்டு, நாங்களும் அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்கிறோம். பக்கத்தில் நிறுவனர் என்று சித்தப்பாவின் படம். அவர் கண்டுபிடித்த மெஷினைப் பற்றி யாராவது கேட்டால், பெரிய பெரிய வார்த்தைகளில் எடுத்துச் சொல்ல ஆள் வைத்திருக்கிறோம். அது ஒரு கல்யாண அண்டாவில் தொடங்கியது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்குத் தெரியும். அந்த அண்டாவின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கியவள் நான்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு எட்டு வயதிருக்கும். பல்லடம் சாலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மாட்டுச் சாளையில் பாதியைச் சித்தப்பா பிடித்துக்கொண்டார். மீதியில் மாடுகள் இருந்தன. சலவை முடிந்து வரும் பனியன் துணி கசங்கிச் சுருண்டு கிடக்கும். கரி போட்ட இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து மாளாது. ஆவி காட்டி, இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு இழுத்தால் ஒரே இழுப்பில் சுருக்கம் போய்விடும் என்பது சித்தப்பாவின் எண்ணம். வெளிநாட்டில் அப்படியொரு மெஷின் உண்டாம். அதைப் பார்த்தவர் யாரும் எங்கள் பக்கம் இல்லை. சித்தப்பாவும் பார்த்ததில்லை. அது அவருக்கு ஒரு தடையாகவே தெரியவில்லை.

உருளைகள் நன்றாகத்தான் சுற்றின. தண்ணீர் கொதிக்க அவர் வைத்த இரும்பு டிரம்தான் சதி செய்தது. ஆவியோடு துருவும் ஏறி, வெள்ளைத் துணியில் காப்பிப்பொடி தூவினாற்போல் புள்ளி புள்ளியாக விழுந்தது. துணி கொடுத்த பனியன் கம்பெனி முதலாளி இரண்டு முறை பொறுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை கடைசியாக ஒருதரம் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். அப்பாரு, அதாவது என் அப்பாவின் அப்பா, அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இந்தவாட்டியும் கறையாச்சுன்னா சாளையப் பூட்டிப்போட்டு பொங்கலூர்த் தோட்டத்துக்குப் போயி மாட்டப் புடி. போதும் உன்ற மெசினு."

சித்தப்பா அன்று சாப்பிட வரவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வீட்டில் மற்றவர்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. அத்தையின் கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்தது.

அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை. மாப்பிள்ளைக்கு வெள்ளகோவில். சீர்ப் பாத்திரங்கள் எல்லாம் வாங்கி, ஒவ்வொன்றின் கழுத்திலும் அத்தையின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டி, உள்ளறையில் அடுக்கியிருந்தார்கள். அதில் பெரியது ஒரு செம்பு அண்டா. நான் உள்ளே உட்கார்ந்தால் தலை வெளியே தெரியாது. உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

கறைபட்ட துணிகளைத் துவைத்துத் துவைத்துக் கை சிவந்தவள் அத்தைதான். ஒரு மத்தியானம் வீடே கண்ணயர்ந்திருந்தபோது என்னைக் கூப்பிட்டாள். அண்டாவின் ஒரு காதை அவள் பிடித்தாள், மறுகாதை நான். வழியெல்லாம் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, ஒருவழியாகச் சாளைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

"ஈயம் பூசின செம்புல துரு ஏறாதுங்ணா. இத வெச்சுக்குங்க," என்றாள்.

சித்தப்பா பயந்துபோனார். தண்ணீர் விடும் குழாய்க்காக அண்டாவின் பக்கவாட்டில் ஓட்டை போட வேண்டும். ஓட்டைப் பாத்திரத்தைச் சீரில் வைப்பதை எங்கள் பக்கம் யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். துளை போடும் கருவியைக் கையில் எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தார்.

"வேண்டாங் கண்ணு. அப்பா உசுரோட உடமாட்டாரு."

"போடுங்ணா. நா புடிச்சுக்கறேன்."

அண்டாவைச் சாய்த்து மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். இரும்பு செம்பைக் குடையும் சத்தத்தில் மாடுகள் மிரண்டு எழுந்தன. மூடியின் விளிம்பில் ஆவி போகாமலிருக்க மாவு பிசைந்து ஒட்டியதும் அத்தைதான். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். எனக்கு எல்லாமே நல்ல விளையாட்டாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில், அடுப்பு மூட்டித் தண்ணீர் கொதித்த பிறகுதான் அப்பாரு சாளைக்குள் வந்தார். அண்டாவைப் பார்த்தார். பெயரையும் பார்த்தார்.

"ஏன்டா, பொறந்தவளோட சீர்லயா கைய வெச்ச? சம்பந்தி ஊட்டுக்கு நா என்னன்னு பதில் சொல்லுவேன்?"

கதவோரம் நின்ற அத்தை வாயைத் திறந்தாள். சித்தப்பா முந்திக்கொண்டு, "நாந்தானுங்க எடுத்தேன். அவளுக்குத் தெரியாதுங்க," என்றார். அப்பாருவின் கை ஓங்கிய நேரத்தில் வாசலில் முதலாளியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. விருந்தாளி முன்னால் மகனை அடிக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஓங்கிய கை இறங்கி மீசையைத் தடவிக்கொண்டது. "வாங்க, வாங்க," என்றார் அப்பாரு.

சித்தப்பா கைப்பிடியைச் சுற்றினார். கசங்கலாக ஏறிய துணி மறுபக்கம் வழவழவென்று இறங்கியது. முதலாளி அதைத் தன் வெள்ளை வேட்டியின் மேல் விரித்து, முழம் முழமாகத் தள்ளிப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை. நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்து அழுத்தியிருந்தாள். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

முதலாளி குனிந்து அண்டாவின் கழுத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நல்ல பேருங்க. கம்பெனிக்கு இதே பேருதானுங்களா?"

"ஆமாங்க," என்றார் சித்தப்பா, கொஞ்சமும் யோசிக்காமல்.

அதுவரை கம்பெனி என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அப்பாரு ஏதோ சொல்ல வாயெடுத்தார். தமக்கு ஒரு மெஷின் செய்து தரும்படி முதலாளி கேட்டதும், வந்த சொல்லை விழுங்கிவிட்டார். எங்கள் கம்பெனிக்குப் பெயர் வைத்த விழா அவ்வளவுதான்.

சீருக்கு வேறு அண்டா வாங்கினார்கள். ஆவணியில் கல்யாணம் நடந்தது. குடம், தவலை, குத்துவிளக்கு, கரண்டிவரை பெயர் வெட்டிய அத்தனையும் வண்டியில் ஏறின. அத்தையின் டிரங்குப் பெட்டியும் ஏறியது. புறப்படும் நேரத்தில் அத்தையைக் காணோம். தேடிவர என்னை அனுப்பினார்கள்.

பட்டுச்சேலையோடு சாளையில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கையை அண்டாவின் மேல், பெயர் வெட்டிய இடத்தில் வைத்திருந்தாள். அண்டா போனதை நினைத்து வருத்தப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

"புது அண்டா இதவிடப் பெருசுங்கத்தை," என்று ஆறுதல் சொன்னேன்.

சிரித்தாள். "இது இங்கயே இருக்கட்டுங் கண்ணு."

சொன்ன பிறகும் கையை எடுக்கவில்லை. சூடு பார்க்கிறாளாக்கும் என்று நானும் பக்கத்தில் கை வைத்துப் பார்த்தேன். கல்யாண அமளியில் யாரும் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. செம்பு சில்லென்று இருந்தது. சூடே இல்லாத பாத்திரத்தில் அவ்வளவு நேரம் எதைத் தொட்டுப் பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. வண்டி கிளம்புகிற அவசரம் எனக்கு. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.