தேங்கிய அமிலம்

அந்த மூளை ஆய்வுக்கூடத்தில் அவளைப் பேராசிரியர் உட்பட எல்லோரும் 'ஐஸ் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். எலியின் மூளையை எடுத்துப் பனிக்கட்டிமேல் வைத்து, வேண்டிய துண்டை ஒன்றரை நிமிடத்தில் வெட்டித் தருவாள். பதினான்கு வருடப் பழக்கம்.

புதிதாக வந்தவள் கண்ணாடிக்காரி. ஐஸ் அக்காவைவிட இரண்டு வயது மூத்தவள், ஆனாலும் அவளும் 'அக்கா' என்றே கூப்பிட்டது வேறு எரிச்சல். வந்த ஐந்தாம் மாதமே, ஒரு மருந்து கொடுத்தால் மூளையில் டோபமின் என்ற ரசாயனம் வேகமாகச் செலவாகிறது என்று சொல்லிவிட்டாள். அந்த வேகத்தை நேராகப் பார்க்க முடியாது. டோபமின் உடைந்து வரும் அமிலத்தை அளந்துதான் ஊகிக்க வேண்டும். அமிலம் இரண்டு மடங்கு ஏறியிருந்தது. பேராசிரியர் பூரித்துப்போனார். துண்டு வெட்டிக் கொடுத்தவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"என்ன, தட்டைப் பார்த்து முறைக்கிற?" என்றான் அன்றிரவு சாப்பிடும்போது கணவன். "கண்ணாடிக்காரியா?"

"அமிலம் ஏறினா செலவு கூடிடுச்சுன்னு அர்த்தமா? வெளிய போற வழி அடைச்சிருந்தாலும் தேங்கும்ல? நம்ம குளியலறை மாதிரி."

"அத அவங்ககிட்ட சொல்லேன்."

"நான் ஏன் சொல்லணும்?"

சொல்லவில்லை. மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் போட்டு உடைக்க நினைத்தாள். சரிபார்ப்பு என்று அனுமதி வாங்கி, பதினாறு எலிகளுக்கு டோபமின் உற்பத்தியையே நிறுத்தும் ஊசி போட்டாள். பாதி எலிகளுக்கு அந்தப் புது மருந்தும் கொடுத்தாள். மருந்து அமிலம் வெளியேறும் வழியை மட்டும் அடைத்திருந்தால், இரண்டு பிரிவு எலிகளிலும் டோபமின் ஒரே வேகத்தில் குறைய வேண்டும்.

அப்படிக் குறையவில்லை. மருந்து வாங்கிய எலிகளில் மடமடவென்று இறங்கியிருந்தது. கண்ணாடிக்காரி சொன்னதுதான் சரி. அக்கா முடிவு அச்சான தாளை மடித்து மூன்று நாள் பைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் கண்ணாடிக்காரியே வந்தாள்.

"அக்கா, அமிலம் சும்மா தேங்கியிருந்தா? யாராவது கேட்டா நான் செத்தேன்."

"கேட்பாங்க" என்றாள் அக்கா. அந்த முகம் வெளிறியதைப் பார்க்க இனித்தது. அந்த இனிப்பு கொஞ்ச நேரத்தில் கசந்துவிட்டது. தாளை எடுத்து நீட்டினாள்.

கண்ணாடிக்காரி இரண்டு முறை படித்தாள். "எனக்காகவா செஞ்சீங்க?"

"நீங்க தப்புன்னு காட்டத்தான் செஞ்சேன்."

அவள் அதை வேடிக்கைப் பேச்சு என்று எண்ணிச் சிரித்தாள்.

கட்டுரை வெளிவந்தபோது ஐஸ் அக்காவின் பெயர் இரண்டாவதாக இருந்தது, பதினான்கு வருடத்தில் முதல்முறையாக. முதல் பெயரைப் பார்த்து வயிறு எரிந்தது என்னவோ உண்மை. குறை கண்டுபிடிக்க அக்காவை மிஞ்ச ஆளில்லை என்று கண்ணாடிக்காரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதில் மட்டும் அக்காவுக்கு ஆட்சேபணை இல்லை.