நிலையத் தலைவரும் அவருடையதல்லாத ஆடும்

ஜனாதிபதிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் வளர்த்த பிராணிகள் வழியாகத்தான். கனடாவிலிருந்து வந்த பெட்டி ஒன்றில், பிஸ்கட் பேணிக்கும் பழைய சட்டைகளுக்கும் நடுவில், அமெரிக்க ஜனாதிபதிகளின் செல்லப் பிராணிகள் பற்றிய சிறுவர் புத்தகம் ஒன்று கிடந்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தேன். யார் எந்தச் சட்டம் கொண்டுவந்தார் என்று என்னிடம் கேட்காதீர்கள். யாருடைய கிளி செத்தவீட்டில் தூஷணம் பேசியது என்று கேளுங்கள், விபரமாகச் சொல்லுவேன்.

எங்கள் ஊர் நெல்லியடிக்குக் கிட்ட. இங்கே சனசமூக நிலையத்தின் பின் அறையில், வார இறுதிப் பின்னேரங்களில், ரியூசனுக்குப் போக வசதியில்லாத பிள்ளைகளுக்கு இலவசமாகப் படிப்பிக்கிறேன். நான் படித்துப் பட்டம் வாங்கிய ரீச்சர் இல்லை. பிள்ளைகளுக்கு நான் ‘அன்ரி’. பெற்றோர், “உவள் கதைச்சுக் கதைச்சே பிள்ளையளை இருத்தி வைச்சிடுவாள்” என்பார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

உலகத் தலைவர்களின் பெயர்களைப் பாடமாக்கச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் அந்தக் கிளியை அவிழ்த்துவிட்டேன். ஜனாதிபதியின் செத்தவீட்டில் கிளி பேசிய பேச்சில் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்களாம் என்றேன். முன்வரிசையில் இருக்கும் வாயாடிச் சிறுமி நிமிர்ந்தாள்.

“ஆர் அன்ரி அதைப் பழக்கினது?”

“பழக்குவினமோ? வீட்டிலை கதைக்கிறதைத்தானே கிளியும் கதைக்கும்.”

“அப்ப எங்கடை வீட்டுக்குக் கிளி வேண்டாம்.”

பிறகு பாடம் தானாக ஓடியது. வெள்ளை மாளிகை முற்றத்தில் புல் மேயச் செம்மறி விட்ட ஜனாதிபதி. பேரப்பிள்ளைகளை ஏற்றிய வண்டிலோடு ஆடு தெருவில் பறக்க, உயரத் தொப்பியைப் பிடித்தபடி பின்னால் கலைத்துக்கொண்டு ஓடிய இன்னொரு ஜனாதிபதி. இவரைத்தான் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

“எங்கடை நாட்டு ஜனாதிபதியள் என்ன வளர்த்தவை அன்ரி?”

“தெரியாது மோனை. அவையளின்ரை நாய், பூனையை விசாரிக்க எங்களுக்கு நேரம் கிடைக்கேல்லை.”

“எங்கடை நிலையத்துக்கும் தலைவர் இருக்கிறார்தானே? அவரிட்டை ஆடு நிக்குது!” என்றாள் வாயாடி.

நான் வாசலை எட்டிப் பார்த்தேன். அந்த மண்ணிறக் கிடாய்தான் அப்போது ஊரின் பெரிய பிரச்சினை. நிலையச் செயலாளர் அம்மா தன் வீட்டு வேலிக்குப் புதிதாக நட்ட கதியால் தடிகள் துளிர்க்கத் துளிர்க்க, அது வந்து கடித்துவிட்டுப் போனது. கேட்டால் தலைவர், “உது என்ரை ஆடில்லைப் பாருங்கோ. எங்கையோ இருந்து வாறது. பாவமெண்டு தண்ணி மட்டும் வைக்கிறனான்” என்பார். “தண்ணியிலையே உந்தக் கொழுப்பெண்டால் நாங்களும் தலைவர் வீட்டிலை தண்ணி குடிப்பம்” என்று சந்தியில் கதைத்தார்கள்.

அதோடு, ரியூசன் நடத்தும் ஒருவர் எங்கள் பின் அறையை வாடகைக்குக் கேட்டிருந்தார். செயலாளர் அம்மா எங்கள் பக்கம். ஆனால் முடிவு தலைவரின் வாயில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துச் சொல்லுவதாக அறிவித்திருந்தார். அவர் ‘குடுப்பம்’ என்றால் இந்தப் பிள்ளைகளுக்குப் போக்கிடம் இல்லை.

ஞாயிறு நான் வந்தபோது சுவரில் படம். உயரத் தொப்பியும் மடித்துக்கட்டிய சாரமுமாகத் தலைவர், அவருக்கு முன்னால் பாயும் கிடாய். கீழே பெரிய எழுத்தில், ‘நிலையத் தலைவரும் அவரது ஆடும்’.

“கழட்டுங்கோடி! அவர் வரப்போறார்!”

கழற்ற முடியவில்லை. கோதுமை மாப் பசை காய்ச்சி ஒட்டியிருந்தார்கள். சுவர் பெயர்ந்தாலும் பெயரும், படம் பெயராது. நான் அதன் முன்னால் போய் நின்றேன். என் உடம்பு அகலந்தான், ஆனால் ஆடு பாய்ந்த பாய்ச்சலில் தலை ஒரு பக்கமும் வால் மறுபக்கமும் தெரிந்தன.

தலைவர் செயலாளர் அம்மாவோடு வந்தார். “தள்ளுங்கோ பாப்பம்” என்றார். தள்ளி நின்றேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவருக்குக் கிட்டப் போனார்.

“உதை ஆர் கீறினது?”

வாயாடி எழும்பினாள். “நான் ஐயா.”

“ஏன் ஆட்டுக்கு விலா எலும்பெல்லாம் தெரியுது?”

“ஓடிக் களைச்சுப் போச்சு ஐயா.”

“களைச்சால் எலும்பு தெரியுமோ? விடிய முள்முருக்கங்குழை கட்டுக்கட்டாய்ப் போடுறன். பின்னேரம் தவிடும் புண்ணாக்கும் கரைச்சு வைக்கிறன். இந்த ஊரிலை ஆரின்ரை ஆடு உப்பிடிப் பளபளவெண்டு நிக்குது? இதைப் பாக்கிற சனம் நான் பட்டினி போடுறனெண்டெல்லோ நினைக்கும்!”

செயலாளர் அம்மா குடையை மெதுவாகச் சுவரில் சாத்தி வைத்தார்.

“அப்ப அது எங்கையோ இருந்து வாற ஆடில்லை.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “நான் பொதுவாச் சொன்னனான்…”

“புண்ணாக்கும் பொதுவோ?”

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். பிறகு ஒருவரையும் பிடிக்க முடியவில்லை. நானும் சிரித்தேன். அடக்கிப் பார்த்தேன், மூக்கால் வந்தது.

“அறை விசயத்தை இப்பவே சொல்லுங்கோ,” என்றார் அம்மா. “பிள்ளையளுக்குத்தான் எண்டால், என்ரை வேலியை நீங்கள் அடைச்சுத் தந்தால் காணும். இல்லையெண்டால் புண்ணாக்குக் கதையைப் பொதுக்கூட்டத்திலை எல்லாருக்கும் சொல்லுவன்.”

தலைவர் தோள் துவாயால் கழுத்தைத் துடைத்தார். “அறை பிள்ளையளுக்கே இருக்கட்டும். ஆனால் உந்தப் படம்…”

போச்சு என்று நினைத்தேன்.

“…ஆட்டைத் திருத்த வேணும்.”

வாயாடி மண்ணிறப் பென்சிலை எடுத்து வயிற்றைப் பெருப்பித்தாள். “காணுமோ ஐயா?”

“இன்னும் கொஞ்சம்.”

மறுகிழமை அவர் கதியால் நட்டுக்கொண்டு நின்றார். கிடாயின் கழுத்தில், வேலிக்குள் நுழைய முடியாதபடி, மூன்று தடிகளை முக்கோணமாகக் கட்டியிருந்தார். வகுப்புப் பக்கம் வரும்போதெல்லாம் படத்தைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம்” என்கிறார். அவளும் தீட்டுகிறாள். இப்போது கிடாய் சுவரை நிறைத்து நிற்கிறது. அதற்குப் பின்னால் தலைவரின் தொப்பி மட்டும்தான் தெரிகிறது.