தங்கை கொடுத்த ஒத்தடம்

எனக்கு வாய் ஜாஸ்தி. இதை நான் சொல்லவில்லை, ஊரே சொல்லும். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆவதற்கு ரொம்ப வருஷம் முன்னால் கடைத்தெருவில் புளி, கடுக்காய் மண்டி வைத்திருந்தேன். கல்வராயன் மலையிலிருந்து சரக்கு இறங்கும். வெள்ளிமலை பஸ்ஸில் மூட்டையோடு வந்தவர்கள் என்னிடம் விலை பேசி முடிப்பதற்குள் களைத்துவிடுவார்கள். மண்டியில் அந்த வாய்தான் எங்களுக்குச் சோறு போட்டது. வீட்டில் அது என் தங்கையின் கல்யாணத்தை இரண்டு தடவை கெடுத்தது.

அப்பா இல்லாத வீடு. பெண் கேட்டு வருகிறவர்களுக்கு எதிரில் அண்ணன்தான் உட்கார வேண்டும். முதலில் வந்தது நைனார்பாளையத்துச் சம்பந்தம். மாப்பிள்ளையின் அப்பா தங்கள் கிணற்றைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார். சித்திரையிலும் வற்றாதாம். "அப்போ மாப்ள சட்டைய அதுல ஒரு வாட்டி அலசியிருக்கலாமே" என்றேன். தமாஷுக்குத்தான். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அடுத்தது களமருதூர். பையன் தங்கமான பையன், பல் மட்டும் சற்று எடுப்பு. அதைக் கவனிக்காமல் நான், "இன்னா மாப்ள, வந்ததுலேர்ந்து சிரிச்சிக்கினே இருக்கீங்க, வாயே மூடலையே" என்று சொல்லித் தொலைத்தேன். சத்தியமாகப் பாராட்டாகத்தான் சொன்னேன். யார் நம்புவார்கள்? அவர்கள் போனபின் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தங்கை காபி டம்ளர்களை எடுத்துப் போய்க் கழுவ ஆரம்பித்தாள். நான்கு டம்ளர்தான், வெகுநேரம் கழுவினாள்.

மூன்றாவதாக வடக்கனந்தலிலிருந்து, நல்லவேளை நான் சரக்கெடுக்க மலைக்குப் போயிருந்த நாளில், கேட்டு வந்தார்கள். தங்கைக்கும் அந்தப் பையனைப் பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கை நனைக்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். எங்கள் பக்கம் சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். பேசி முடித்து, இரண்டு வீட்டாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் முடிவான மாதிரி. அன்றைக்கு அண்ணன்காரன் பந்தியில் இல்லாவிட்டால் அதுவும் குற்றம். இருந்தால் என்ன ஆகும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். "இந்த வாட்டியாவது வாயில கொழுக்கட்டைய அடச்சிக்கினு உக்காருடா, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள் அம்மா.

வியாழக்கிழமை கடைவாயில் வலி கிளம்பியது. அப்பப்பா, ஜென்ம விரோதிக்கும் வேண்டாம் அந்த வலி! வெள்ளி காலையில் தங்கையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனேன். அது ஞானப்பல்லாம். முளைக்க இடமில்லாமல் ஈறுக்குள் குறுக்கே படுத்துக் கிடக்கிறதாம். இருபத்தெட்டு வயதில் எனக்கு வரவேண்டிய ஞானமும் அப்படித்தான் எங்கேயோ படுத்துக் கிடந்தது. ஈறைக் கீறி, பல்லைத் துண்டு துண்டாக எடுத்து, தையல் போட்டார். பஞ்சைக் கடித்துக்கொண்டு நான் தலை சுற்றி உட்கார்ந்திருக்க, டாக்டர் தங்கையிடம் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லி, இங்கிலீஷில் ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். ஐஸ் என்று ஏதோ என் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் சைகையில் அம்மாவிடம் ஐஸ் கேட்டேன். பக்கத்து வீட்டில் பிரிட்ஜ் இருந்தது.

"ஐஸா? ஐஸ் வைக்கிறது பொணத்துக்குடா! உசுரோட இருக்கறவனுக்கு யாராவது வைப்பாங்களா? சூடு போட்டாதான் வீக்கம் வடியும்" என்றாள் அம்மா.

தங்கை கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் பன்னிரண்டாவது முடித்தவள், எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள்.

"டாக்டரும் அதேதாம்மா சொன்னாரு. ஒத்தடம்தான்" என்றாள்.

மயக்கத்தில் நான்தான் தப்பாகக் கேட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து அவளே ஒத்தடம் கொடுத்தாள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மற்றபடி அவளைப்போல ஒரு நர்ஸ் கிடைக்கமாட்டாள். தலைக்கு இரண்டு தலையணை வைத்தாள். மணி பார்த்து மாத்திரை தந்தாள். எச்சில் துப்பாதே, வாய் கொப்புளிக்காதே, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதே, தையலுக்கு ஆகாது என்று கூடவே இருந்து மிரட்டினாள். கேழ்வரகுக் கூழை நன்றாக ஆறவைத்துக் கரண்டியால் ஊட்டிவிட்டாள். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொடுத்து, மெதுவாக, சத்தமில்லாமல் கொப்புளிக்கச் சொன்னாள். அத்தனையும் சீட்டில் இருந்தபடி.

சனிக்கிழமை, மலையிலிருந்து கடுக்காய் கொண்டுவரும் அம்மாள், மண்டி பூட்டிக் கிடப்பதைப் பார்த்து வீட்டுக்கே வந்துவிட்டாள். வருஷக்கணக்காக என்னிடம் பேரம் பேசித் தோற்றவள். என் முகத்தைப் பார்த்தாள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். "யாருப்பா அது, உன் வாய மூடின மவராசி?" என்றாள். அன்று அவள் சொன்னதுதான் விலை. தலையை ஆட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியைப் பார்த்தேன். இடது கன்னத்தில் அரை மூடித் தேங்காயை ஒட்டவைத்த மாதிரி இருந்தது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. "ம்", "ம்ஹூம்" இரண்டும்தான் என்னிடம் மிச்சம். வந்தவர்களிடம் அம்மா பல் சமாச்சாரத்தைச் சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளையின் மாமா மீசைக்காரர், வாய்க்காரர். என் சாதி. தன் மருமகன் உழைக்கிற உழைப்பில் மாடே வெட்கப்படும் என்றார். என் நாக்கில் முத்து முத்தாக மூன்று பதில்கள் வந்து நின்றன. ஒன்றுகூட வெளியே வர வழியில்லை. "ம்" என்றேன். தங்கள் வீட்டுக் கரும்பு இனிப்பதுபோல ஆலைக்கு வேறு எவன் கரும்பும் இனிக்காது என்றார். அதற்கும் "ம்". ஒரு மணி நேரம் அவர் பேசினார், நான் கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. கடைசியில் அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பி, "இன்னா பொறுமைங்க! இந்த வயசுல இப்படி ஒரு அடக்கமா!" என்றார். அம்மா சட்டென்று சமையலறைப் பக்கம் போய்விட்டாள். அங்கே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இலை போட்டார்கள். எனக்குப் பக்கத்திலேயே மீசை மாமா. நான் கூழோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம், ஆனால் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடாமல் இருக்க முடியுமா? ரசம் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் உள்ளே தள்ளினேன். சூடும் மிளகும் நேராகத் தையலில் போய் இறங்கின. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மாமா பார்த்துவிட்டார். "பாருங்கய்யா! தங்கச்சி போயிடுவாளேன்னு இலையில உக்காந்து அழுவுறான். இவன்தான் அண்ணன்!" என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பந்தியே உருகிவிட்டது. அதை மறுக்கும் நிலையில் நான் இல்லை. அங்கேயே தட்டை மாற்றி, பூ வைக்க நாளும் குறித்தார்கள்.

அடுத்த வாரம் தையல் பிரிக்கத் தனியாகப் போனேன். கன்னம் தேங்காய் மூடியாக வீங்கினதைச் சொன்னதும், அவ்வளவு வீங்கியிருக்கக் கூடாதே என்றார் டாக்டர். ஒத்தடம் கொடுத்ததைச் சொன்னேன். "முதல் நாளே சூடா? அது வீக்கத்தை ஏத்தும்ங்க. முதல் நாள் கன்னத்துமேல ஐஸ் வையுங்க, விட்டு விட்டு வையுங்க, சூடே கூடாதுன்னு உங்க தங்கச்சிகிட்ட மூணு வாட்டி சொன்னேனே. சீட்டுலயும் முதல் வரியே அதானே" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். தங்கை பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

அவள் மறுக்கவில்லை. நாரைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சேதாண்ணா பண்ணேன். ரெண்டு எடம் உன் வாயால போச்சு. இதுவும் போயிருந்தா நான் இன்னா பண்ணுவேன், சொல்லு. உன் வாய மூட எனக்கு வேற வழி தெரியல" என்றாள். பிறகு என் கன்னத்தையே பார்த்து, "மத்ததெல்லாம் சரியாத்தானே பாத்துக்கினேன்? ரொம்ப வலிச்சுதாண்ணா?" என்றாள்.

கோபம் வரும் என்றுதான் நினைத்தேன். வந்தது அவமானம். என் வாய்க்குப் பயந்து, என்மேல் உயிரையே வைத்திருக்கிற ஒருத்தி உப்பு வறுத்திருக்கிறாள். "வலியா? எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு" என்றேன். வாய் அப்போது முழுசாகத் திறந்தது. இருந்தும் அதோடு நிறுத்திக்கொண்டு, கீழே கிடந்த நாரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

கல்யாணம் வடக்கனந்தலில் நடந்தது. மறுநாள் சாயங்காலம், அவளை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் வேனில் ஏறக் கிளம்பினோம். நான்கு பேர் எதிரில் கண் கலங்கக் கூடாது என்று உறுதியாகத்தான் இருந்தேன். முடியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வேன் கதவைப் பிடித்து நின்றேன். அவள் ஓடிவந்தாள். அவள் முகமும் நனைந்துதான் இருந்தது. என் துண்டை இழுத்து, இடது கன்னத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, இன்னொரு பல்லா?" என்றாள்.